மூன்றாவது வளைவில் கொள்ளு

குடுபல்லியைத் தாண்டியதும் பாறைகளுக்கு நடுவே ஒரு கார் பந்தயத் தடம். போட்டியில்லாத நாளில் யாரும் சொந்தக் காரை ஓட்டிப் பார்க்கலாம். வளைவில் உள்விளிம்பை ஒட்டித் திரும்பினால்தான் நேரம் மிச்சம் என்று காலையில் பாடம் எடுத்தார்கள். ஓட்டுகிறேன்.

மூன்றாவது வளைவில் மஞ்சள் கொடி. ஆபத்து, வேகத்தைக் குறை என்று பொருள். குறைக்கிறேன். தார் முழுக்கக் காய்ந்த கொள்ளுச்செடி பரப்பியிருக்கிறது. பக்கத்தில் துடைப்பத்தோடு ஒரு பெண். கொடி பிடித்திருப்பவர் அவருடைய வீட்டுக்காரர்.

காரை நிறுத்துகிறேன். "நேர்ரோட்டுல போடக்கூடாதாம்மா?"

"அங்க பறக்குறீங்க சார், கொள்ளெல்லாம் செதறிப்பூடும். இங்கதான் பிரேக் போட்டுக்கினு மெதுவா வர்றீங்க, காய் நல்லா நசுங்குது." மேற்கே கறுக்கும் மேகத்தைப் பார்க்கிறார். "இன்னும் எத்தினி ரவுண்டு?"

"ஒண்ணு."

"பத்தாது சார், மழை வந்துகினு கீது. மூணு ஓட்டுங்க. வெளி ஓரமா வாங்க, அங்கதான் இன்னும் நசுங்கல."

மூன்று சுற்றும் வெளிவிளிம்பை ஒட்டியே திரும்புகிறேன். என் நேரம் படுமோசம். காயிலிருந்து கொள்ளு நன்றாகப் பிரிந்திருக்கிறது.