செவ்வாய்க்கிழமைக்காரனின் ஞாயிறு

காலை 5.47. கண்ணைத் திறந்ததும் முதலில் தெரிந்தது ஒரு ஜோடி நீலச் செருப்பு, என் தலையணையிலிருந்து ஒரு சாண் தூரத்தில். செருப்புக்குள் மகனின் கால்கள் இருந்தன. அவனுக்கு மூன்றரை வயது. முந்தைய நாள் அதைக் கழற்ற விடாமலே தூங்கிப்போயிருந்தான். எழுந்து செருப்பு மாட்டுவதற்குள் படகு போய்விடும் என்று யாரோ அவனிடம் சொல்லியிருக்கிறார்கள். யாரோ என்றால் அவன் அக்கா. அவளுக்கு ஏழு.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டில் நாலு பேரும் சேர்ந்து வெளியே கிளம்பிய முதல் ஞாயிறு. நான் ஒரு தமிழ் நாளிதழின் கொச்சி அலுவலகத்தில் உதவி ஆசிரியர். மற்றவர்கள் அனுப்பும் செய்திகளைத் திருத்திப் பக்கம் போடுகிற வேலை. வார விடுமுறை செவ்வாய். மனைவி பழைய யூதர் தெருவான ஜூ டவுனில் ஒரு மசாலாக் கிடங்கில் ஏலக்காய், மிளகு தரம் பார்க்கிறாள். அவளுக்கு விடுமுறை ஞாயிறு. கல்யாணமாகி ஒன்பது ஆண்டுகளாக எங்கள் விடுமுறைகள் ஒரே வாரத்தில் வருகின்றன, ஒரே நாளில் வந்ததில்லை. அலுவலகத்தில் ஒருவருக்கு அவசரமாக ஒரு செவ்வாய் தேவைப்பட்டது. தன் ஞாயிற்றை எனக்குக் கொடுத்தார்.

பத்து நாள் முன்பே தெரிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து, "எர்ணாகுளம் போறோம். யாருக்கு என்ன வேணும்?" என்று கேட்டேன்.

மகளுக்கு மெட்ரோ ரயில். மகனுக்குப் படகு. இந்தக் கரையில் பிறந்த குழந்தைக்குப் படகு என்ன புதுசு என்று கேட்டதற்கு, "ஏசி படகு" என்றான்.

மனைவி பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். "எனக்கு ஒரு மசால் தோசை."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவு இல்ல. சூடா வேணும். ஓட்டல்ல உக்காந்து. மடியில ஆரும் இல்லாம. ஏழு வருஷமாச்சு, கேட்டோ? இவ பொறந்ததுலேர்ந்து வெளிய போயி நான் தின்ன தோசையெல்லாம் வரட்டிதான்."

நான் கொஞ்சம் யோசித்துப் பார்த்தேன். அவள் சொன்னது உண்மை. தட்டு வந்ததும் முதல் விள்ளல் பெரியவளுக்கு, அடுத்தது சின்னவனுக்கு, பிறகு ஒரு டம்ளர் கவிழும், பிறகு ஒருவருக்குக் கழிப்பறை. அவள் திரும்பி வரும்போது தோசை மடக்கிய அட்டையைப் போல இருக்கும். அதைச் சாப்பிடுவாள். நான் பெரும்பாலும் அந்த நேரத்தில் என்னுடையதை முடித்திருப்பேன்.

அன்றே திட்டம் போட உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்த ஒரே முறையில் போட்டேன். பத்திரிகையில் ஒரு பக்கம் தயாராவதற்கு முன் 'டம்மி' என்று ஒரு தாள் வரும். அதில் விளம்பரங்களின் இடம் முதலிலேயே கட்டம் கட்டப்பட்டிருக்கும். அவற்றை அசைக்க முடியாது. மிச்ச இடத்தில்தான் செய்தி. எங்கள் குடும்பத்தில் அசைக்க முடியாத விளம்பரம் ஒன்றே ஒன்று: மகனின் தூக்கம். பன்னிரண்டரை மணிக்கு அவன் எங்கே இருந்தாலும் தூங்குவான். அதற்கு ஆறேழு நிமிடம் முன்னால் இடது காதைப் பிடித்து இழுப்பான். பிறகு அம்மாவின் தோள். வேறு தோளில் தூங்கமாட்டான். வேலை நாட்களில் அவள் அவனைக் கிடங்குக்கே கூட்டிப்போய்விடுவாள். நான் வேலைக்குப் போவது மதியம் மூன்று மணிக்கு, திரும்புவது இரவு ஒன்றரைக்கு. என் தோளுக்கும் அவன் தூக்கத்துக்கும் அறிமுகம் ஏற்படவில்லை.

ஆகவே தோசை பன்னிரண்டரைக்கு முன்னால் முடிந்தாக வேண்டும். பழைய டம்மித் தாள் ஒன்றின் பின்புறத்தில் கட்டங்கள் வரைந்தேன். 9.30 படகு. 10.00 மரைன் டிரைவ். 11.30 மசால் தோசை. 12.30 தூக்கம். 1.00 மெட்ரோ. தாளைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டினேன். மகளுக்குத் தமிழைவிட மலையாளம் வேகமாக வரும். ஒவ்வொரு வரியாக எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, ஓரத்தில் மூன்று இடங்களில் மலையாளத்தில் 'ஐஸ்கிரீம்' என்று சேர்த்தாள்.

"இது என்னது?"

"கரெக்‌ஷன்" என்றாள்.

தோசைக் கட்டத்தில் இடத்தின் பெயரை நான் எழுதவில்லை. மனைவி கேட்டாள்.

"எந்தக் கடை?"

"அச்சுக்கு முன்னாடி வெளிய சொல்றதில்ல."

"அய்யோடா, பெரிய ஸ்கூப்பு."

அடுத்து வந்த செவ்வாயன்று அந்த இடத்தை நான் நேரில் போய்ப் பார்த்தேன். செய்தி அனுப்புகிற இளைஞர்களிடம் நான் ஓயாமல் கேட்கிற கேள்வி அது: நேரில் போய்ப் பார்த்தாயா? எர்ணாகுளத்தின் கடைத்தெருவான பிராட்வேயில், மாடியில் இருக்கிற ஒரு சைவ உணவகம். பதினான்கு மேசைகள். ஜன்னல் ஓரத்தில் இருந்த இரண்டுக்கு மட்டும் தனி மின்விசிறி. குழந்தைக்கான உயர நாற்காலி ஒன்று, அதன் பட்டை அறுந்திருந்தாலும் கயிறு கட்டியிருந்தார்கள். கழிப்பறை சுத்தம். ஆர்டர் கொடுத்ததிலிருந்து மசால் தோசை மேசைக்கு வர ஏழு நிமிடம், கைக்கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டேன். பன்னிரண்டு மணிவரை கூட்டமில்லை. வேறென்ன சரிபார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஞாயிறு காலை 9.10-க்கு வீட்டை விட்டு இறங்கினோம். படகுத்துறையில் நான் எதிர்பாராத ஒரு வரிசை இருந்தது. செவ்வாயன்று பார்த்தபோது எனக்கு முன்னால் நின்றவர்கள் மூன்று பேர். இப்போது எண்பதுக்குக் குறையாது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

பத்து ஐந்துக்குப் படகு கிடைத்தது. மகன் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றான். மகள் எதிர் இருக்கையில் இருந்த யாரோ ஒரு அம்மாளிடம் மலையாளத்தில் எங்கள் நாள் முழுவதையும் விவரித்தாள். அந்த அம்மா, "மோளே, தோசைக்கு எங்கோட்டா?" என்று கேட்டார். "அது சொல்ல மாட்டாங்க, அப்பா பேப்பர்காரர்" என்று தமிழில் சொன்னாள், அவருக்குப் புரியாமல் இருக்க வேண்டும் என்பதற்காக. அவருக்குப் புரிந்துவிட்டது. சிரித்தார்.

மரைன் டிரைவில் முதல் ஐஸ்கிரீம் முடிந்தது. கொஞ்சம் என் சட்டையில் முடிந்தது. மகன் காயல் நீரில் நின்ற எல்லாக் கப்பலுக்கும் கையாட்டினான். பதினொன்று இருபதுக்கு நான் கடிகாரத்தைப் பார்த்து, "சரி, கிளம்பலாம்" என்று சொல்லிச் சாலையைக் கடந்தேன்.

மனைவி பாதிச் சாலையில் வேகத்தைக் குறைத்தாள். அந்தப் பக்கம் ஏறியதும் நின்றுவிட்டாள்.

"ஏங்க, நம்ம எங்க போறோம்?"

"இப்பச் சொல்லலாம். பிராட்வே."

"இன்னைக்கு ஞாயிறு."

"ஆமா, உன் லீவு."

"பிராட்வேக்கும் லீவு" என்றாள்.

நான் பன்னிரண்டு ஆண்டுகளாக இந்த நகரத்தின் செய்திகளைத் திருத்துகிறேன். 'நகரில் இன்று' என்ற பத்தி என் கையைத் தாண்டித்தான் அச்சுக்குப் போகிறது. எந்த மண்டபத்தில் என்ன கூட்டம், எந்தச் சாலையில் எத்தனை மணிக்குப் போக்குவரத்து மாற்றம் என்று எனக்குத் தெரியும். பிராட்வே ஞாயிறு மூடியிருக்கும் என்பது தெரியாது. அது செய்தி இல்லை, எல்லோருக்கும் தெரிந்தது. ஞாயிறு விடுமுறை உள்ள எல்லோருக்கும்.

நம்பாமல் போய்ப் பார்த்தேன். மாடிப்படியின் அடியில் இரும்புக் கதவு. பூட்டு. கதவின் மேல் விளிம்பில் ஒரு பூனை உட்கார முயன்று வழுக்கிக்கொண்டிருந்தது.

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன்ல" என்றாள் மனைவி. கோபம் இல்லை. ஆனால் கையிலிருந்த பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினாள். நீண்ட வேலைக்குத் தயாராகும்போது அவள் செய்வது அது.

மணி 11.34. பக்கத்துச் சாலையில் திறந்திருந்த ஓர் உணவகத்துக்குப் போனோம். வாசலில் பெயர் எழுதி வைத்துக்கொண்டிருந்தார்கள். நாற்பது நிமிடம் ஆகும் என்றார்கள். அடுத்ததில் வாசலில் நின்றவர்களே ஒரு கல்யாணப் பந்தியை நிரப்புவார்கள். திரும்ப பிராட்வேக்கே வந்தோம், நிழலுக்காக.

அப்போதுதான் குழந்தைகள் அந்தத் தெருவைப் பார்த்தார்கள். மற்ற நாட்களில் அங்கே ஒரு குழந்தையின் கையை விட்டால் போலீஸ் நிலையத்தில்தான் திரும்ப வாங்க வேண்டும். இப்போது சுமைவண்டி இல்லை, ஸ்கூட்டர் இல்லை, மூட்டை தூக்குபவர்கள் இல்லை. நீளமான வெறும் தெரு, இரண்டு பக்கமும் இறக்கிய ஷட்டர்கள். மகள் ஒரு ஷட்டரில் உள்ளங்கையை வைத்துத் தேய்த்துக்கொண்டு ஓடினாள். கடகடவென்று சத்தம் வந்தது. மகன் எதிர்ப்பக்க ஷட்டர்களை எடுத்துக்கொண்டான். தெருக்கோடிவரை ஓடி, பக்கம் மாற்றித் திரும்பி வந்தார்கள்.

"அப்பா, அடிபொளி! தெரு முழுக்க நமக்கா?"

"இன்னைக்கு மட்டும்."

மறுபடி ஓடினார்கள். ஆறு தடவை. நீலச் செருப்பில் ஒன்று நாலாவது ஓட்டத்தில் கழன்றது. அதை எடுக்க அவன் நிற்கவில்லை.

மனைவி ஒரு மூடிய கடையின் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மூக்கை உயர்த்தினாள். ஏலக்காயைக் கண்ணை மூடிக்கொண்டு தரம் பிரிக்கிற மூக்கு.

"நல்லெண்ணெ" என்றாள். "தோசைக்கல்லு."

சந்துக்குள் திரும்பினோம். ஒரு லாட்ஜின் கீழே நாலு பெஞ்சு போட்ட கடை. கட்டட வேலைக்கும் ஓட்டல் வேலைக்கும் வந்து தங்கியிருக்கும் நம் ஊர்க்காரர்கள் ஞாயிறு தாமதமாக எழுந்து அங்கே காலைச் சாப்பாட்டை மதியத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கடைக்காரர் தென்காசிப் பக்கம். எங்களைப் பார்த்ததும் ஒரு பெஞ்சைக் காலி செய்ய வைத்தார்.

"மசால் தோசை இருக்காண்ணா?" என்றாள் மனைவி.

"மசாலெல்லாம் பெரிய கடையிலம்மா. இங்க சாதா தோசதான். தக்காளிச் சட்னி."

"சூடா இருக்குமா?"

"கல்லுலேர்ந்து நேரா ஒங்க எலைக்கு. எடையில ஸ்டாப்பிங் கெடையாது."

"சூடு மதி, அது போதும்" என்று உட்கார்ந்தாள்.

"ஞாயித்துக்கெழம பிராட்வேல ஓட்டலு தேடுனீயளா?" என்று என்னைக் கேட்டார். "ஊருக்குப் புதுசோ, சார்?"

"பன்னெண்டு வருஷமா பேப்பர்ல வேல பாக்குறாருண்ணா" என்றாள் மனைவி.

"அப்பப் புதுசுதான்" என்றார். பெஞ்சுகளில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறு வழியில்லை.

முதலில் குழந்தைகளுக்குக் கொடுத்தார். இருவரும் ஓடிய பசியில் தாமாகவே பிய்த்துத் தின்றார்கள். இது முன்பு நடந்ததில்லை. 12.23-க்கு மனைவியின் இலையில் தோசை விழுந்தது. எனக்கும் ஒன்று. அவள் ஆவி வருவதைப் பார்த்துக்கொண்டு ஒரு விள்ளலைப் பிய்த்தாள்.

12.24-க்கு மகன் இடது காதைப் பிடித்து இழுத்தான்.

அவளும் பார்த்துவிட்டாள். விள்ளல் கையிலேயே இருந்தது. மற்றக் கை துண்டைத் தேடிப் பைக்குள் போயிற்று. ஏழு வருடப் பழக்கம், அவளைக் கேட்காமலே எழுந்துவிடும்.

"நீ உக்காரு" என்று சொல்லி நான் அவனைத் தூக்கினேன்.

"அம்மா" என்றான். உடம்பை வில்லாக வளைத்தான். கடைக்காரர் கரண்டியோடு திரும்பிப் பார்த்தார். நான் சந்திலிருந்து வெளியே வந்து அந்த வெறும் தெருவுக்குப் போனேன். ஷட்டரில் என் உள்ளங்கையை வைத்துத் தேய்த்துக்கொண்டு நடந்தேன், மெதுவாக. கடகட. கடகட. அழுகையை நிறுத்திக் கேட்டான். "இன்னொண்ணு" என்றான். அடுத்த ஷட்டர். அதற்கடுத்தது. ஒரு பாத்திரக் கடையின் முன்னால் அவன் தலை என் கழுத்தில் விழுந்தது. ஒற்றைச் செருப்பு என் இடுப்பில் இடித்துக்கொண்டிருந்தது. மணி 12.31.

கிடந்த இன்னொரு செருப்பைக் காலால் தேடிக் கண்டுபிடித்து, குனிய முடியாமல், அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். மகள் பிறகு போய் எடுத்து வந்தாள். மெட்ரோவில் ஜன்னல் இருக்கை அவளுக்கே முழுவதும் கிடைத்தது. அவன் போகும்போதும் வரும்போதும் தூங்கினான், என் மேல்.

அதெல்லாம் பிறகு. அவனைச் சுமந்துகொண்டு சந்துக்குத் திரும்பியபோது மனைவி நிமிர்ந்தாள். என் தோளைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், மறுபடி இலையைப் பார்த்தாள்.

"அம்மாக்கு இது மூணாவது" என்றாள் மகள்.

"நாலாவது கல்லுல இருக்கு" என்றார் கடைக்காரர்.

நான் எதிர் பெஞ்சில் மெல்ல உட்கார்ந்தேன். என் இலையில் இருந்த தோசை ஆறிப்போயிருந்தது.