ஜூலிக்கு ரத்தம் பார்த்த மலர்க்கொடி

கல்மண்டபம் பக்கத்தில் ஒரு நாய் ஆஸ்பத்திரியில் மலர்க்கொடிக்கு நர்ஸ் வேலை. ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடி ஸ்லைடின் ஓரத்தில் வைத்து, இன்னொரு ஸ்லைடைச் சாய்த்துத் தொட்டு, ஒரே தள்ளாகத் தள்ளுவாள். ரத்தம் மெல்லிசாகப் பரவி நுனியில் நாக்கு மாதிரி முடியும். கை நடுங்கினால் போச்சு, கோடு கோடாகிவிடும். துறைமுகத்துக் காற்றில் எதுதான் சீக்கிரம் காய்கிறது? உடனே டேபிள் ஃபேன் முன்னால் பிடித்து ஆட்டுவாள். சாயம் போட்டு மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைப்பாள். எல்லாம் ஞானசெல்வி டாக்டர் சொல்லிக்கொடுத்தது. கையும் சுத்தம், கண்ணும் சுத்தம். பாழாய்ப்போன வாய்தான் சும்மா இருக்காது.

"லென்ஸ்ல பாத்தத வெளிய சொல்லுறது என் வேலை, கேட்டியா?" என்று நாகர்கோவில்காரரான அந்த டாக்டர், அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே சொல்லியிருந்தார். மலர்க்கொடியும் தலையாட்டினாள். ஆனால் அவள் குடியிருந்த சந்தில் ஒருத்தரும் அவளை மதிப்பதில்லை. "நாய் மூத்திரம் அள்றவ" என்று குழாயடியில் தள்ளித்தான் நிற்பார்கள். வருஷக்கணக்காக அது அவளுக்கு எரிந்துகொண்டே இருந்தது.

அதே சந்தில் பகலவன் என்று ஒருவன். மீன்பாடி வண்டி ஓட்டுகிறவன், பெண்டாட்டி செத்துத் தனியாகக் கிடக்கிறவன். அவனுக்கென்று மிச்சம் இருந்தது ஜூலி என்கிற செவலை நாய் மட்டும்தான். காசிமேட்டுக்கு ஐஸ் ஏற்றிப் போனாலும் வண்டியின் முன்னால் அது ராஜாத்தி மாதிரி உட்கார்ந்து போகும். அதற்குப் பின்பக்கம் ரத்தம் சொட்ட ஆரம்பித்ததும் அள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தான்.

மலர்க்கொடி புண்ணில் ஸ்லைடை ஒற்றி எடுத்துப் பார்த்தாள். உருண்டை உருண்டையான செல்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் வெள்ளைக் குமிழிகள். நாய்கள் இணை சேரும்போது ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தொற்றுகிற கட்டி. டாக்டரும் பார்த்துவிட்டு ஆமாம் என்றார். "பயப்படாதீங்க. வாரம் ஒரு ஊசி போட்டா கரைஞ்சு போயிரும்." அந்தத் தடியன் எல்லார் முன்னாலும் அழுதேவிட்டான்.

மறுநாள் குழாயடியில் மளிகைக்கடை ராமசெல்வி, கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டாள். "அந்த நாய்க்கு என்னவாம்? தெருவெல்லாம் ரத்தமாச் சிந்திக்கிட்டுக் கெடக்கு."

மலர்க்கொடி நிமிர்ந்து நின்றாள். "கேன்சரு. ஒண்ணுலேர்ந்து ஒண்ணுக்குத் தாவற கேன்சரு. நான்தான் கண்டுபுட்ச்சேன்."

குடம் வழிவதைக்கூடக் கவனிக்காமல் அத்தனை பேரும் அவள் வாயையே பார்த்தார்கள். அடடா, அந்த ஒரு நிமிஷம் அவளுக்கு எப்படி இனித்தது! "நாய்க்கு நாய்தான் ஒட்டும், மன்சனுக்கு ஒட்டாது" என்று பிறகு சொல்லத்தான் சொன்னாள். யார் காதில் விழுந்தது? அவர்களுக்கு வேண்டியது முதலிலேயே கிடைத்துவிட்டது.

ஊசி வேலை செய்தது. ரத்தம் சொட்டுவது நின்றது. ஆனால் அந்த மருந்து வெள்ளை அணுக்களையும் சேர்த்துத் தின்னும். அதனால் ஒவ்வொரு ஊசிக்கும் முன்னால் ரத்தம் தடவிப் பார்க்க வேண்டும். மூன்றாவது ஊசிக்கு வந்தபோது மலர்க்கொடி ஸ்லைடு முழுக்கத் தேடினாள். வெள்ளை அணு அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருந்தது. இப்போது எந்தக் கிருமி பட்டாலும் நாய் தாங்காது என்று டாக்டர் ஊசியைத் தள்ளிப்போட்டார். கட்டியின் மேல் இன்னொரு ஸ்லைடை ஒற்றி வைத்துக்கொண்டு மலர்க்கொடி பகலவனிடம் சொன்னாள்.

"ண்ணா, இப்போ வண்டில ஏத்தாத. ஹார்பர்ல ஒரே கலீஜு. வூட்டாண்டயே கட்டிப் போடு."

"கட்டுனா அழுவுமே மலரு."

"அழுவட்டும். உசுரு வேணுமா, வேணாவா?"

சரியாகத்தான் சொன்னாள். அவனும் சொன்னபடி கட்டினான்.

மறுநாள் காலை அந்த இரண்டாவது ஸ்லைடுக்குச் சாயம் போட்டுப் பார்த்தவள், நம்பாமல் மறுபடி ஓரத்திலிருந்து தேடினாள். குமிழி செல்களைக் காணோம்! இருந்த ஒன்றிரண்டும் சுருங்கி உடைந்து கிடந்தன. "இனி ஒரு ஊசி போதும்" என்றார் டாக்டர். மதியச் சோற்றைக்கூடத் திறக்காமல் சந்துக்கு ஓடினாள்.

ஜூலி கயிறு எட்டும் மட்டும் இழுத்துக்கொண்டு போய் விறைத்துக் கிடந்தது. வாயெல்லாம் நுரை. கழுத்தில் கயிறு அறுத்துத் தோல் உரிந்திருந்தது. பக்கத்தில் பால் சொட்டும் பன் பாதி. சுற்றிப் பிள்ளைகள் நின்று வேடிக்கை பார்த்தன.

"எந்தப் பாவிடி வெஷம் வெச்சது?" என்று மலர்க்கொடி கத்தினாள்.

ராமசெல்வி கடையைவிட்டு இறங்கவில்லை. "நாந்தான் வச்சேன். பச்சப்புள்ளக்காரி நான். தாவும்னு நீதான சொன்ன?"

"மன்சனுக்குத் தாவாதுன்னு சொன்னேனே!"

"அத யாரு கண்டா?" என்று சொல்லிவிட்டு ராமசெல்வி யாருக்கோ பருப்பு நிறுக்கப் போனாள். நின்ற ஒருத்தரும் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சனியன் ஒழிந்தது என்கிற மாதிரிதான் அத்தனை முகங்களும் இருந்தன.

அப்போதுதான் பகலவனின் வண்டி வந்தது. இறங்கி ஓடிவந்தான். ஜூலியின் பக்கத்தில் உட்கார்ந்து கயிற்றை அவிழ்க்கப் பார்த்தான், முடியவில்லை. மலர்க்கொடியும் உட்கார்ந்து நகத்தால் முடிச்சைப் பிறாண்டினாள்.

"நோவு எப்டிகீது?" என்றான், அவளைப் பார்க்காமல்.

"போயிடிச்சுண்ணா. ஒரே ஒரு ஊசிதான்."

பகலவன் தலையாட்டினான். "காலைல வண்டில ஏறணும்னு இன்னா கத்து கத்துச்சு தெர்யுமா? அறுத்துகினு வந்துடப் போவுதுன்னு, நீ சொன்னியேன்னு, ரெட்டை முடிச்சா போட்டேன் மலரு."