கலக்காமல் வைத்த காபி

செய்தி வந்தபோது ஃபில்டரில் டிகாக்‌ஷன் இறங்கிக்கொண்டிருந்தது. "சுமதி போயிட்டாம்மா," என்றார் மாமா, சுமதி அக்காவின் கணவர். அவர் போனை வைக்கவில்லை. நானும் காதிலிருந்து எடுக்காமல், கீழ்ப்பாத்திரத்தில் விழும் சொட்டுகளைக் கேட்டுக்கொண்டு நின்றேன். அந்தச் சத்தம் அவருக்கும் கேட்டிருக்கும் என்று நினைக்கிறேன். தூக்கத்திலேயே மாரடைப்பு. பால்காரர் மணி அடித்தும் அக்கா எழவில்லையாம்.

சுமதி அக்காவை உங்களில் பலருக்கு எங்கள் டிசைன் சென்டரில் பழக்கம். பட்டுச் சேலைக்கான உருக்களைக் கணினியில் கட்டம் கட்டமாக நிரப்பும் அந்த நீண்ட அறையில், ஜன்னலோர நாற்காலி அவருடையது. அடுத்த நாற்காலி என்னுடையது. சேர்ந்த புதிதில் நான் அவரை மேடம் என்றேன். "அக்கான்னு கூப்டும்மா. மேடம்னா எனக்குக் கழுத்து வலிக்குது," என்றார். அன்னத்தின் கழுத்தில் ஒரு கட்டம் பிசகினாலும் விடாத கறாரான சுமதி அக்காவை உங்களுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை மதியங்களின் அக்காவைத் தெரியாது. இது அவரைப் பற்றியது.

எல்லாம் ஒரு வீடியோவில் தொடங்கியது. சாப்பாட்டு வேளையில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தி என்னிடம் நீட்டினார். யாரோ ஒரு பெண், கண்ணாடிக் கோப்பையில் ஊற்றிய காபி மதுவின்மேல் மெல்ல க்ரீமை மிதக்கவிடுகிறாள்.

"இங்க பாரு. காபிப்பொடி கலர் உடம்பு, சந்தனக் கலர் பார்டர். நடுவுல ஒரு பிசிறு இருக்குதா? கோர்வை மாதிரியே இருக்குது."

சேலையின் உடலும் கரையும் இரு நிறமாக வந்து ஒரே கோட்டில் பூட்டிக்கொள்ளும் இடத்தைத்தான் கோர்வை என்போம். அக்காவுக்கு உலகில் எதைப் பார்த்தாலும் முதலில் அந்தக் கோடுதான் தெரியும்.

"அக்கா, அதுல சாராயம் இருக்குது."

"இருக்கட்டுமே. காபியும் இருக்குதில்ல?"

அவர் வீடு பிள்ளையார்பாளையத்தில், முன்னறை முழுக்கத் தறி. நெய்வது மாமா. ஞாயிற்றுக்கிழமைகளில் மாமா தறிக்கான பாவு நூல் விஷயமாக ஒருவரைப் பார்க்க வாலாஜாபாத் போவார். அந்த மதியங்களில்தான் எங்கள் சோதனைகள் நடந்தன. புதுச்சேரியில் இருக்கும் அக்காவின் சித்தி மகள் ஒரு பாட்டில் ரம் கொண்டுவந்து கொடுத்திருந்தாள். அது புளி ஜாடிக்குப் பின்னால் குடியிருந்தது. கெட்டி டிகாக்‌ஷனைச் சர்க்கரைப் பாகில் கலந்து, முழுக்க ஆறவைத்து, ரம் சேர்த்து ஒரு பாட்டிலில் ஊறவிட வேண்டும். முதல் தடவை, பக்கத்து வீட்டுத் தெலுங்குக்கார அம்மா ஆவக்காய் ஊறுகாய் கொடுத்த பாட்டிலைக் கழுவி அதில் ஊற்றிவைத்தோம். அடுத்த ஞாயிறு திறந்ததும் காபிக்கு முன்னால் கடுகு வாசனை வந்தது. அக்கா ஒரு வாய் குடித்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, "தயிர்சாதம் இருக்குதா?" என்றார்.

அடுத்தது க்ரீம். பாலாடையைச் சேர்த்துக் குளிரவைத்து, பாதி கெட்டியாகும்வரை மட்டும் அடிக்க வேண்டும். அக்கா மத்தை எடுத்தார். மத்து கைக்கு வந்தால் வெண்ணெய் திரளும்வரை நிறுத்தத் தெரியாத கை அது. மூன்று ஞாயிறு எங்களுக்கு வெண்ணெய்தான் கிடைத்தது. அவ்வளவு வெண்ணெயையும் உருக்கி நெய்யாக்கி சென்டருக்கு மைசூர்பாகு செய்துவந்தார். நீங்கள் எல்லாரும் சாப்பிட்டிருக்கிறீர்கள். என்ன விசேஷம் என்று கேட்டவர்களுக்கு இன்னொரு துண்டு கொடுத்தார்.

"இத்தினி புக்கு படிக்கிறியே, எதுலயாவது மத்தை எப்ப நிறுத்தணும்னு போட்டிருக்குதா?" என்று என்னைச் சீண்டுவார். போட்டிருக்கவில்லை.

பிறகொரு மதியம் க்ரீம் சரியான பதத்துக்கு வந்தது. தெருவில் தறிச் சத்தம் அடங்கியிருந்தது. ஓட்டுக் கண்ணாடி வழியே இறங்கிய வெயில் பாவின்மேல் விழுந்து, அறை முழுக்க அரக்குச் சிவப்பாய் ஒரு மங்கல் வெளிச்சம். தறியடியில் தரையில் உட்கார்ந்து, தேக்கரண்டியைக் கவிழ்த்துப் பிடித்து, அதன் முதுகில் அக்கா க்ரீமை வழியவிட்டார். அது வழிந்து, தயங்கி, இருட்டின்மேல் படர்ந்து நின்றது. நடுவே ஒரு சுத்தமான கோடு. நான் ஸ்பூனை எடுக்கப் போனேன். என் கையைத் தட்டினார்.

"கலக்காத. கலக்கினா வெறும் காபி. அப்படியே வாய வச்சு, பார்டர் வழியா உடம்புக்குப் போ."

குளிர்ந்த ஆடைக்குக் கீழிருந்து கசப்பு எழுந்து வந்தது. அதன் பின்னால் மெதுவாக ஒரு சூடு. பாவு இழைகள் தண்ணீருக்குள் இருப்பதுபோல் அசைந்தன. எதற்கென்று இப்போது நினைவில்லை, இருவரும் சிரிக்க ஆரம்பித்து நிறுத்த முடியாமல் போனோம். நான் வெளியே அதிகம் சிரிக்கிறவள் இல்லை. ஆளுக்கு ஒரு சின்ன டம்ளர்தான், எப்போதும். அதற்குமேல் அக்கா ஊற்றியதில்லை.

அப்படியொரு ஞாயிற்றில்தான் தன் மாமனாரின் காரியத்தைப் பற்றிச் சொன்னார். எங்கள் பக்கத்தில் பதினாறாம் நாள் படையலில், போனவருக்குப் பிடித்ததையெல்லாம் வைப்போம். மாமனாருக்கு ஒரு குவார்ட்டரும் பீடிக்கட்டும் வைத்தார்களாம். "எனக்கு வெறும் காபியத்தான் வைப்பாங்க, பாரு. ஆம்பளைக்குச் செத்த பொறவும் சலுகை," என்றார். பிறகு டம்ளரைப் பார்த்தபடி, "வெச்சா கலக்காம வைக்கச் சொல்லும்மா," என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் சொன்னார்.

பதினாறாம் நாள் காலை அந்த வீட்டுக்குப் போனபோது எனக்கு அது ஒன்றுதான் நினைவாக இருந்தது. அந்த ரம் காபியை வைத்தால், கூடத்தில் இருக்கும் அத்தனை பேர் வாயிலும் அக்கா விழுவார். வைக்காவிட்டால், அவர் கேட்ட ஒரே ஒன்றை நான் கொடுக்கவில்லை. வாழையிலையில் வடை, அதிரசம், பலாச்சுளை, கதம்பம் எல்லாம் வந்துவிட்டன. மாமாவின் தங்கை என்னைப் பார்த்து, "அண்ணிக்குக் காபின்னா உயிராச்சே. உன் கையால ஒரு டம்ளர் போட்டாந்துடும்மா," என்றார்.

சமையலறையில் பாலை அடுப்பில் வைத்துவிட்டுப் புளி ஜாடியையே பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னால் மாமா வந்தது தெரியவில்லை. நெற்றி நிறைய விபூதி. காபிகூட அதிகம் குடிக்காதவர்.

"பாலை எறக்கு," என்றார் தணிந்த குரலில். "ஜாடிக்குப் பின்னாடி இருக்குது. ஆடை ஃபிரிட்ஜில எடுத்து வெச்சிருக்கேன்."

பாலை இறக்கிவைத்தேன்.

"வாலாஜாபாத்துல எனக்கு என்னாம்மா வேலை? பாவு எப்பவோ இங்கியே கெடைக்க ஆரம்பிச்சிடுச்சு. ஸ்டேஷன் பெஞ்சில உக்காந்து ரெண்டு ரயிலப் பாத்துட்டு வருவேன். ஒருநாள் பஸ்ஸ வுட்டுட்டுத் திரும்பி வந்தேன். சன்னல்ல, கலக்காதன்னு அவ சொல்றதும் உங்க சிரிப்பும் கேட்டுது. இந்த வீட்ல அவ அப்படிச் சிரிச்சு நான் கேட்டதில்ல. நான் உள்ள வந்தா நின்னுடும். அதான் அன்னிக்கும், அதுக்கப்புறம் எல்லா ஞாயிறும் அப்படியே போயிட்டேன்."

ஊறியிருந்த காபி ரம்மை எவர்சில்வர் டம்ளரில் ஊற்றினேன். கண்ணாடி வேண்டாம் என்று அவர்தான் சொன்னார். தேக்கரண்டியைக் கவிழ்த்துப் பிடித்து ஆடையை வழியவிட்டேன். அவர் டம்ளரைப் பிடித்துக்கொண்டார். இலையில் வைத்ததும் அவர் தங்கை எட்டிப் பார்த்தார்.

"என்னாம்மா, காபில இத்தினி ஆடை? ஒரு சுத்து கலக்கிடேன்."

"கலக்காத. அவளுக்கு அப்படித்தான் புடிக்கும்," என்றார் மாமா.

கற்பூரம் காட்டி முடிந்தது. படைத்ததைப் பங்கிடும் முன் அவரே டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டார். யாருக்கும் கொடுக்காமல் தறியடிக்குப் போய் உட்கார்ந்து, ஆடை வழியே கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தார். மீசையில் க்ரீம் ஒட்டியிருந்தது. குடித்து முடித்து என்னைப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்குது. இனிமே ஞாயித்துக்கெழம நான் எங்கம்மா போறது?"

உங்களுக்காக இதை எழுதியதும் மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். "ரம்முன்னே போடு. மருந்துன்னு எழுதினா அவளுக்குக் கோவம் வரும்," என்றார்.

அந்தத் தேக்கரண்டியை அவர் எனக்குக் கொடுத்துவிட்டார். அக்காவினுடையது என்று என்னிடம் இருப்பது அதுதான். அதோடு, உள்ளே இருவர் சிரிப்பதற்காக வெளியே ஒருவர் பஸ் ஏறிப் போன அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளும். அக்காவுக்குத் தெரியாமலே போன அவற்றை, அவருக்கும் சேர்த்து நான் வைத்திருக்கிறேன்.