முடிச்சூரிலிருந்து ஒருவர், பொத்தேரியிலிருந்து ஒருவர்: கோவளத்தில் ஒரு வெள்ளிக்கிழமை

இந்த வலைப்பதிவில் கடைசியாக நான் எழுதியது குற்றாலம் போய்வந்த கதை. அதற்குப் பிறகு ஏன் எழுதவில்லை என்று இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். ஊர் சுற்றினால்தானே எழுத முடியும்? ஒன்றரை வருடமாக நான் போய்வந்த தூரமெல்லாம் பேரனின் பள்ளிக்கூட வாசல்வரைதான். இப்போது எழுதப்போவதும் பெரிய பயணம் இல்லை. தாம்பரத்திலிருந்து கேளம்பாக்கம் வழியாகக் கோவளம், மொத்தம் முப்பது கிலோமீட்டர் சொச்சம். ஆனால் நான் போன பயணங்களிலேயே அதிகம் பொய் சொல்லிப் போன பயணம் இதுதான் என்பதால் எழுதிவைக்கிறேன்.

முதலில் எங்கள் நிலவரம். எங்கள் சொந்த வீடு சேலையூரில், கேம்ப் ரோட்டை ஒட்டி உள்ளே போகும் தெருவில் இருக்கிறது. அதில் இப்போது யாரும் இல்லை. நான் முடிச்சூரில் மகன் கார்த்திக்கின் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறேன். அவனும் மருமகளும் வேலைக்குப் போகிறவர்கள். ஏழு வயதுப் பேரன் நித்தினைப் பள்ளிக்கு அனுப்புவதும் அழைத்துவருவதும் என் பொறுப்பு. என் மனைவி வசந்தா பொத்தேரியில் மகள் திவ்யா வீட்டில் இருக்கிறாள். இரண்டு வயதுப் பேத்தி யாழினியைப் பார்த்துக்கொள்கிறாள். யாரும் எங்களைப் பிரித்துவைக்கவில்லை. இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே சமயத்தில் ஆள் தேவைப்பட்டது, நாங்களே பங்கு போட்டுக்கொண்டோம். ஞாயிற்றுக்கிழமைகளில் சேலையூர் வந்து வீட்டைத் திறந்து, கூட்டித் துடைத்து, ஒரு வேளை சமைப்போம். பிள்ளைகளும் குடும்பத்தோடு வந்துவிடுவார்கள். சாயங்காலம் ஆளுக்கொரு வண்டியில் ஆளுக்கொரு திசையில் கிளம்பிவிடுவோம்.

அப்படி ஒரு ஞாயிறு பாத்திரம் தேய்த்துக்கொண்டே வசந்தா, “ஏங்க, ஒரு நாள் நீங்களும் நானும் மட்டும் எங்கயாவது போலாமா?” என்றாள். கல்யாணமான நாளிலிருந்து, நான் முடிவு செய்த ஊருக்கு அவள் பெட்டி கட்டியிருக்கிறாள். அவளாக எங்கும் போகலாம் என்று கேட்டதில்லை. உடனே சரி என்றேன். கடற்கரை வேண்டும், ஆனால் மெரினா வேண்டாம் என்றாள். கோவளம் என்று முடிவானது.

பிள்ளைகளிடம் சொன்னால் என்ன நடக்கும் என்று எங்களுக்குத் தெரியும். கார்த்திக் வேன் பிடிப்பான், திவ்யா இரண்டு நாள் ரிசார்ட் பார்ப்பாள், குழந்தைகளுக்கு மாற்றுத்துணி எடுத்துவைக்கும் வேலை வசந்தா தலையில் விழும். அதனால் திவ்யா வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் ஒரு வெள்ளிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தோம். அன்று மருமகளுக்கும் விடுமுறை. நான் கார்த்திக்கிடம், சேலையூர் வீட்டில் மோட்டார் ரிப்பேர், மெக்கானிக் வருகிறார் என்றேன். வசந்தா முப்பது வருடம் பள்ளி ஆசிரியையாக இருந்தவள். கூட வேலை பார்த்த டீச்சர் ஒருவர் மடிப்பாக்கத்தில் வீடு கட்டியிருக்கிறார், கிரகப்பிரவேசம் என்று திவ்யாவிடம் சொன்னாள். அதற்காகப் பட்டுப்புடவை வேறு கட்ட வேண்டியதாகிவிட்டது. அறுபதைத் தாண்டிய நாங்கள் இரண்டு பேரும் வீட்டுக்குத் தெரியாமல் சந்திக்கும் கல்லூரிப் பிள்ளைகள் மாதிரி திட்டம் போட்டோம். வெட்கமாகத்தான் இருந்தது, கொஞ்சம் குஷியாகவும் இருந்தது.

முடிச்சூரிலிருந்து தாம்பரம் மேற்குக்கு ஷேர் ஆட்டோவில் இருபது ரூபாய். 515 பேருந்து எட்டரைக்குக் கிளம்பியது. வசந்தா பொத்தேரியில் மின்சார ரயில் ஏறி வண்டலூரில் இறங்கி அங்கே பேருந்தில் ஏறிக்கொள்வதாக ஏற்பாடு. இரண்டு பேர் இருக்கையில் ஜன்னலோரம் நான் உட்கார்ந்து, பக்கத்தில் கைக்குட்டையைப் போட்டுவைத்தேன். பெருங்களத்தூர் வருவதற்குள் நான்கு பேர் அந்தக் கைக்குட்டையை முறைத்துவிட்டார்கள். நடத்துநர் நேரடியாகவே கேட்டார்.

“பெருசு, இது யாருக்கு?”

“என் சம்சாரத்துக்குப்பா. வண்டலூர்ல ஏறுவாங்க.”

“லேடீஸ் சீட்டுதான் அந்தாண்ட கீதே, அங்க குந்தட்டும்.”

“இல்லப்பா, நாங்க ஒண்ணா உக்காரணும்.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு நின்றுகொண்டிருந்த ஒருவரிடம், “கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ தலைவா, அண்ணி வராங்க” என்றார். வண்டலூரில் பட்டுப்புடவையோடு வசந்தா ஏறியபோது பாதிப் பேருந்து திரும்பிப் பார்த்தது. சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு இலவசம், அவளுக்கு டிக்கெட் இல்லை. எனக்கு இருபத்துமூன்று ரூபாய்.

வண்டலூர்–கேளம்பாக்கம் சாலை முன்பு போல இல்லை. கண்டிகை தாண்டியும் கட்டடங்கள் விடுவதில்லை. வலது பக்கம் உட்கார வேண்டாம், வெயில் முகத்தில் அடிக்கும். நாங்கள் வலது பக்கம்தான் உட்கார்ந்திருந்தோம். வசந்தா ஐந்து நிமிடத்தில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். யாழினி இரவில் இரண்டு முறை எழுந்துகொள்வாள் என்பது எனக்குத் தெரிந்த விஷயம்தான், ஆனால் வசந்தா இவ்வளவு அசந்துபோயிருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. கஷ்டமாக இருந்தது. கேளம்பாக்கம் வரும்வரை எழுப்பவில்லை.

கேளம்பாக்கத்தில் டிபன் சாப்பிட்டுவிட்டு ஆட்டோ பிடித்தோம். கோவளம் கடற்கரைக்கு நூற்றைம்பது கேட்டார், நூற்றிருபதுக்கு வந்தார். பத்தரைக்கெல்லாம் மணலில் கால் வைத்துவிட்டோம். வார நாள் என்பதால் கூட்டமே இல்லை. படகுகள் ஏற்றிவைத்திருந்த பக்கமாக நிழல் பார்த்து உட்கார்ந்தோம். முகம் துடைக்கத் துண்டு எடுப்பதற்காக வசந்தா பையைத் திறந்தாள். உள்ளே இரண்டு டயப்பர், ஒரு பால் புட்டி, ஒரு கிலுகிலுப்பை. பழக்கதோஷத்தில் குழந்தையின் பையை எடுத்துவந்துவிட்டாள். இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம்.

கொஞ்ச தூரத்தில் ஒரு அம்மா சங்கரா மீனை மசாலா தடவிப் பொரித்துக்கொண்டிருந்தார். இரண்டு மீன் நூற்றைம்பது ரூபாய். சூடாக, முள் குறைவாக, மிக நன்றாக இருந்தது. தட்டை நீட்டியபடி அவர் கேட்டார்.

“இன்னாக்கா, ரெண்டு பேரா வந்துகிறீங்க. புள்ளைங்கள இட்டுகினு வரலியா?”

“அவங்க அவங்க வீட்ல இருக்காங்கம்மா” என்றாள் வசந்தா.

“அப்ப உங்க வூட்ல யாரு கீறாங்க?”

“யாரும் இல்ல. பூட்டிக் கிடக்கு.”

அந்த அம்மா வேறொன்றும் கேட்காமல் அடுத்த மீனைத் திருப்பப் போய்விட்டார். வசந்தா தட்டிலிருந்த முள்ளை ஒதுக்கிவைத்தாள். பிறகு சாதாரணமாகக் கேட்டாள்.

“நான் எப்பங்க நம்ம வீட்டுக்கு வர்றது?”

“யாழினி ஸ்கூல் போற வரைக்கும்னு பேசினோமே.”

“அதுக்கு இன்னும் ரெண்டு வருஷம் ஆகும். அப்புறம் திவ்யா இன்னொண்ணு பெத்துக்கலாம். நான் குறையா சொல்லல. குழந்தையைப் பாக்காம என்னால இருக்க முடியாது. ஆனா உங்களோட இருக்கணும்னு இருக்கு. காலைல எழுந்தா நீங்க பேப்பர் படிச்சுட்டு உக்காந்திருக்கணும்.”

எனக்கும் அப்படித்தான் இருந்தது, ஆனால் நான் அதை யாரிடமும், அவளிடமும்கூட, சொன்னதில்லை. “பிள்ளைங்ககிட்ட சொல்லிடலாமா?” என்றேன். “நான் வந்துட்டா திவ்யா வேலையை விடணும். அவ அந்த வேலைக்கு எவ்வளவு கஷ்டப்பட்டான்னு உங்களுக்குத் தெரியாதா? நான் எப்படிச் சொல்றது?” என்றாள்.

பன்னிரண்டு மணிக்குக் கார்த்திக்கிடமிருந்து போன் வந்தது.

“அப்பா, எங்க இருக்கீங்க?”

“சேலையூர்லதான்டா. மெக்கானிக் வந்திருக்கார்.”

“என்னப்பா இவ்வளவு சத்தம்?”

“மோட்டார் ஓடுது.”

“சரிப்பா. பத்திரம்” என்று வைத்துவிட்டான். நன்றாகச் சமாளித்தேன் என்று வசந்தாவிடம் பெருமையடித்துக்கொண்டேன். அலையில் கால் நனைத்துவிட்டு, அந்த அம்மாவிடமே இன்னும் ஒரு மீன் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக்குக் கிளம்பினோம். வந்த வழியே தாம்பரம், அங்கிருந்து ஆட்டோவில் சேலையூர். வீட்டில் ஒரு காபி குடித்துவிட்டு அவள் ரயிலுக்கும் நான் முடிச்சூருக்கும் போவதாக இருந்தோம்.

தெருமுனையிலேயே பார்த்துவிட்டோம். கேட்டருகே திவ்யாவின் கார், பக்கத்தில் கார்த்திக்கின் பைக், வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே கூடத்தில் நித்தின் தரையில் படுத்து ஏதோ வரைந்துகொண்டிருந்தான். கார்த்திக் நின்றுகொண்டிருந்தான். யாழினியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்த திவ்யா, வசந்தாவின் கையைப் பிடித்தாள். அழுதிருக்கிறாள் என்று முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது.

“அம்மா, டாக்டர் என்ன சொன்னாங்க?”

எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. கார்த்திக்தான் விளக்கினான். போன மழையில் முடிச்சூரில் தண்ணீர் நின்றபோது, நான் எங்கே மாட்டிக்கொண்டிருக்கிறேன் என்று தெரிய வேண்டும் என்பதற்காக, நான் இருக்கும் இடம் அவன் போனில் தெரிகிற மாதிரி செய்துவைத்திருந்தான். எனக்கு அது சுத்தமாக மறந்துபோயிருந்தது. அன்று காலை எதேச்சையாகப் பார்த்தால் நான் கேளம்பாக்கம் பக்கம் இருக்கிறேன், அதற்குப் பிறகு இடம் மாறியதாகவே காட்டவில்லை. கேட்டால் சேலையூர் என்கிறேன். தங்கைக்குப் போன் செய்தால், அம்மா மடிப்பாக்கம் போயிருக்கிறாள் என்கிறாள். அம்மாவின் போன் வீட்டிலேயே, எடுத்துவராத பையில் அடிக்கிறது. அந்தப் பக்கம் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. போன வருடம் என் கண்ணில் புரை எடுத்ததையே எல்லாம் முடிந்த பிறகுதான் அவர்களிடம் சொன்னோம். ஆக, எங்களில் யாருக்கோ பெரிய வியாதி, மறைக்கிறோம் என்று இரண்டு பேரும் முடிவுகட்டிவிட்டார்கள்.

“ஆஸ்பத்திரியெல்லாம் இல்லடி, பீச்சுக்குப் போனோம்” என்றாள் வசந்தா.

“பீச்சுக்கா? எதுக்கு?”

“உங்க அப்பாவோட ஒரு நாள் இருக்கணும்னு தோணுச்சு. போனேன்.”

திவ்யா மெதுவாக, “சொல்லியிருந்தா நாங்களே கூட்டிட்டுப் போயிருப்போமேம்மா” என்றாள்.

“அதுக்குத்தான் சொல்லல.”

கார்த்திக்குக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திவ்யாவுக்கு வரவில்லை. அவள் நாற்காலியில் உட்கார்ந்து, “நீ அங்க எங்கூட சந்தோஷமாத்தான் இருக்கேன்னு நெனச்சேன்” என்றாள். “சந்தோஷமாத்தான் இருக்கேன். அவர் இல்லாம இருக்கேன், அவ்வளவுதான்” என்றாள் வசந்தா. அத்தனை பேர் முன்னால் என்னைப் பற்றி அவள் அப்படிப் பேசியதே இல்லை.

“என்னால வேலையை விட முடியாதும்மா.”

“விடாதே. நீ விட்டா நான்தான் உன்னைத் திட்டுவேன்.”

அதன்பிறகு நடந்தது சாதாரணப் பேச்சு. திவ்யாவின் அலுவலகம் பெருங்குடியில். பொத்தேரியிலிருந்து அவள் அலுவலகம் போகிற நாளெல்லாம் கேம்ப் ரோடு வழியாகத்தான் போகிறாள், எங்கள் தெருவைத் தாண்டித்தான். நாங்கள் இருவரும் சேலையூரிலேயே இருந்தால், யாழினியைக் காலையில் விட்டுவிட்டுச் சாயங்காலம் அழைத்துப்போகலாம். ஒன்றரை வருடமாக இது எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை. பிள்ளை வீட்டுக்குப் பெற்றவர்கள் போய் உதவ வேண்டும் என்பதுதான் எங்கள் மண்டையில் இருந்தது. நித்தின் விஷயம் அவ்வளவு சுலபமில்லை. அவன் பள்ளி முடிச்சூரில். அடுத்த வருடம் சேலையூரில் ஏதாவது பள்ளி பார்க்கலாம் என்கிறான் கார்த்திக். மருமகளுக்கு அதில் இன்னும் சம்மதம் இல்லை. அதுவரை காலையில் அவர்கள் விட்டுவிடுவார்கள், மத்தியானம் நான் ஸ்கூட்டரில் போய் அழைத்துவர வேண்டும். வெயிலில் அது சிரமம்தான்.

கோவளம் போக நினைப்பவர்களுக்கு: வார நாளில் போங்கள். 515 அடிக்கடி வருகிறது, ஆனால் எட்டரைக்குப் பிறகு உட்கார இடம் கிடைப்பது கஷ்டம். கேளம்பாக்கத்திலேயே டிபனை முடித்துவிடுங்கள். கடலில் இழுப்பு அதிகம், முழங்காலுக்கு மேல் இறங்க வேண்டாம். குடையும் தண்ணீரும் அவசியம், பட்டுப்புடவை அவசியமில்லை. இரண்டு பேருக்கு எல்லாம் சேர்த்து எழுநூறு ரூபாய்க்குள் முடிந்தது. முக்கியமாக, எங்கே போகிறோம் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுப் போங்கள். கூட வருகிறோம் என்றால், வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

வசந்தா சேலையூர் வந்து மூன்று வாரம் ஆகிறது. பகல் முழுக்க யாழினி, மூன்றரைக்கு மேல் நித்தினும் சேர்ந்துகொள்வான். நாங்கள் உட்கார்ந்து பேச நேரம் கிடைப்பதில்லை. முந்தாநாள் ரசத்தில் உப்பு தூக்கலாக இருக்கிறது என்றேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பிடித்தாள் பாருங்கள், என் நாக்கு, என் அம்மாவின் நாக்கு, நான் மின்விசிறியை அணைக்காமல் எழுந்து போவது, ஈரத்துண்டைக் கட்டிலில் போடுவது என்று ஒன்றையும் விடவில்லை. ஞாயிறு மட்டும் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் நாங்கள் ஒரு தடவைகூடச் சண்டை போட்டதில்லை. கிடைப்பது ஒரு பகல், அதை எதற்குக் கெடுப்பது என்று இருவரும் விருந்தாளி மாதிரி நடந்துகொண்டிருந்திருக்கிறோம். அது முந்தாநாள்தான் எனக்கு உறைத்தது. பதிலுக்கு நானும் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, அந்த ரசத்தையே இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லிச் சாப்பிட்டேன்.