இருபத்தைந்தாவது ஆட்டம்

ஹென்னிங் புரூக்மானின் தொழில் கால்பந்தில் நடுக்களம். பதினான்கு ஆண்டுகள், நான்கு கிளப்புகள், எல்லாமே ஜெர்மனியின் மூன்றாம் டிவிஷன். மொத்தம் ஒன்பது கோல். அதில் இரண்டு அவர் முதுகில் பட்டு உள்ளே போனவை. எதிரணியின் நல்ல ஆட்டக்காரனை ஆடவிடாமல் செய்வதே அவர் திறமை. ஆகவே அவர் பிரமாதமாக ஆடிய நாட்களில் பார்க்க ஒன்றுமே இருக்காது.

கடைசி ஒப்பந்தத்தில் எங்கள் கிளப் ஒரு வரி சேர்த்திருந்தது: சீசனில் இருபத்தைந்து ஆட்டம் களமிறங்கினால் இன்னொரு வருடம் தானாக நீளும். ஒரு நிமிடம் இறங்கினாலும் போதும். மார்ச்சில் இருபத்துநான்கு ஆயிற்று. அன்றிலிருந்து அவர் பெஞ்சில். முப்பத்துநான்கு வயதில் வேறு கிளப் எதுவும் கூப்பிடாது.

மே மாதம், கடைசி ஆட்டம். தொடங்குமுன் விடைபெறுகிறவர்களுக்குப் பூங்கொத்தும் சட்டமிட்ட படமும் கொடுப்பது வழக்கம். ஹென்னிங்குக்குக் கொடுக்கவில்லை, அவரை இறக்குவதில்லை என்று முன்பே முடிவு செய்தது தெரிந்துவிடும் என்றாராம் கிளப்பின் வக்கீல். படம் என்னவோ தயாராகத்தான் இருந்தது, சீருடை அறையில், சுவரைப் பார்த்துத் திரும்பியபடி.

எண்பத்தோராவது நிமிடம். எங்கள் நடுக்கள ஆட்டக்காரர் தொடையைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். ஆள் மாற்ற பாக்கியிருந்தது ஒரே வாய்ப்பு. பெஞ்சில் இருவர்: ஹென்னிங், இரண்டாம் கோல்கீப்பர் யோஸ்ட். பயிற்சியாளர் வோல்கர் ஒரு காலத்தில் ஹென்னிங்கோடு ஆடியவர். வெளியூர் ஆட்டங்களில் ஒரே அறை.

"வோல்கர், நான் ரெடி."

"தெரியும்டா."

"அப்புறம்?"

"உக்காரு ஹென்னி. மேல இருந்து நிர்வாகத்துல பாத்துட்டிருக்காங்க." வோல்கர் மறுபக்கம் திரும்பினார். "யோஸ்ட், எந்திரி. கையுறையைக் கழட்டு."

"நானா? நான் கீப்பர்யா!"

"கையால தொடாத, அவ்வளவுதான்."

வேறு சட்டை மாட்டி, முதுகில் நம்பரை டேப்பால் ஒட்டிக்கொண்டு யோஸ்ட் இறங்கியதும் கூட்டத்திலிருந்து ஒரு குரல்: "அடுத்து பஸ் டிரைவரையும் இறக்குங்கய்யா!"

யோஸ்ட் நடுவில் விழித்தபடி நின்றார். "ஹென்னி! நான் எங்கடா நிக்கிறது?"

ஹென்னிங் எழுந்து கோட்டருகே போனார். "அவங்க எட்டாம் நம்பர் பின்னாடி போ. பந்தைப் பாக்காத, அவனைப் பாரு."

"ஓடறானே!"

"ஓடத்தான் செய்வான். நீயும் ஓடு."

மிச்சமிருந்த ஒன்பது நிமிடமும் ஹென்னிங் கத்தினார். எட்டாம் எண்காரர் பந்தையே தொடவில்லை. ஒன்றுக்கு ஒன்று, டிரா. கீப்பர் நடுக்களத்தில் காட்டிய நிதானத்தை மறுநாள் உள்ளூர்ப் பத்திரிகை பாராட்டியது.

பெஞ்சுக்காரர்கள் நிற்கவேண்டிய எல்லையைத் தாண்டியதற்காக ஹென்னிங்குக்கு மஞ்சள் அட்டை கிடைத்தது. ஆட்டம் முடிந்ததும் அலுவலகத்துக்குப் போய், அட்டை வாங்கினால் ஆடியதாகக் கணக்கா என்று கேட்டார்.

இல்லை என்றார்கள்.

"சரி" என்றார்.