மனசு ஒப்பாத சிஸ்டர்

குன்னத்தில் நான் ஆட்டோ போடும் இடத்துக்கு எதிரே ஒரு சின்ன ஆஸ்பத்திரி. லீலாவதி சிஸ்டர் அங்கே பதினாறு வருசமாக நர்ஸ். எத்தனையோ பிரசவம் பார்த்தவர். கருவைக் கலைக்கிற வேலைக்கு மட்டும் டாக்டரோடு நிற்க மாட்டார். கேட்டால், "மனசு ஒப்பலண்ணே" என்பதோடு சரி. அவரைக் கட்டாயப்படுத்துவதில்லை என்று டாக்டரும் எழுதிக் கொடுத்திருந்தார். அந்த வேலைக்கு நந்தினி என்று இன்னொரு நர்ஸ் இருந்ததால் பிரச்சினை வரவில்லை.

போன ஐப்பசியில் நந்தினி காய்ச்சலில் படுத்துவிட்டாள். அன்றைக்குப் பார்த்துப் பொன்னாயி வந்தாள். ஒரு ஏக்கர் வெங்காயம், மூன்று பிள்ளைகள், நாலாவது வயிற்றில் மூன்றாம் மாசம். மாமியாரிடம் விதைவெங்காயம் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். பொழுது சாய்வதற்குள் முடித்துக்கொண்டு வீடு திரும்ப வேண்டும்.

சிஸ்டர் வெளியே வந்துவிட்டார். டாக்டரால் ஒற்றை ஆளாகச் செய்ய முடியாது. பெரம்பலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்.

"அங்க எனக்கு யாரத் தெரியும்?" என்றாள் பொன்னாயி.

சிஸ்டர் வாசலில் நாலு தரம் நடந்தார். டாக்டரிடம் சொல்லிவிட்டு வந்து, அவளோடு என் ஆட்டோவில் ஏறினார்.

"கொஞ்சம் வேகமாப் போங்கண்ணே."

"ஆட்டோங்க சிஸ்டர், ரயில் இல்ல."

போய்ச் சேர்ந்தபோது அங்கே சீட்டுக் கொடுக்கிற நேரம் முடிந்திருந்தது. இன்றைக்குப் படுத்தால் நாளைக் காலை பார்க்கலாம் என்றார்கள்.

"ராத்தங்குனா எங்கத்த கொன்னுபுடும்" என்றாள் பொன்னாயி.

சிஸ்டர் அவள் போனை வாங்கினார். "அம்மா, குன்னம் நர்ஸ் பேசுறேன். உங்க மருமவ வழியில மயங்கி வுழுந்துட்டா. ட்ரிப்ஸ் ஏத்துறோம். நாளைக்கு நானே வூட்டுல கொண்டாந்து வுடுறேன். நீங்க வராதீங்க."

எனக்குப் பொறுக்கவில்லை. "இம்புட்டுப் பொய் சொல்ல மனசு ஒப்புது. அங்க குன்னத்துல டாக்டரோட ஒரு மணி நேரம் நிக்க ஒப்பலியா?"

"ஒப்பலையேண்ணே."

"அப்ப உங்களால அலையிறது யாரு?"

"சண்டைய அப்பறம் போடுங்க" என்றாள் பொன்னாயி. "எனக்கு மாத்துச் சேலை இல்ல."

சிஸ்டர் கடைக்குப் போய் வாங்கி வந்தார். ராத்திரி அவளோடேயே தங்கினார். காலையில் அங்கத்து நர்ஸ் அவளை உள்ளே கூட்டிப் போனபோது சிஸ்டர் கதவு வரைக்கும் போனார். அதற்கு மேல் போகவில்லை.

இப்போது நந்தினி லீவு என்றால், அதற்கு வர வேண்டியவர்களுக்கு, நாளைக்கு வராதீங்க என்று முந்தின நாளே சிஸ்டர் போன் போட்டுவிடுகிறார். அப்படியும் சொல்லாமல் எவளாவது வந்து நிற்பாளோ என்று அன்றைக்கு முழுக்க வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துகொண்டே இருக்கிறார்.