முப்பது அடிச் சரிவு

அறுபதுகளின் தொடக்கத்தில் வட்டக்கச்சிக் குடியேற்றத் திட்டத்தில் ஒரு டிஸ்பென்சரி கட்டினோம். நான் அங்கே வேலையை மேற்பார்த்த ஓவசியர். மாரியில் வெள்ளம் ஏறும் நிலம் என்பதால் அத்திவாரத்தை இரண்டரை அடி உயர்த்தி, வாசலுக்கு ஐந்து படிகள் வைக்கும்படி பிளான் வந்திருந்தது.

படிகளை வார்க்கப் பலகை அடித்த அன்று ஒரு பெண் வந்தார். காடு வெட்டும்போது மரம் விழுந்து இடுப்புக்குக் கீழே விளங்காமல் போனவர். கணவர் சைக்கிள் சில்லுகள் பூட்டிச் செய்துகொடுத்த கதிரையில் அமர்ந்து, சில்லைக் கையாலேயே உருட்டி வந்திருந்தார். படுக்கைப் புண்ணுக்கு வாரம் இருமுறை மருந்து கட்ட வேண்டும். இதில் எப்படி ஏறுவது என்று கேட்டார். ஆட்கள் தூக்கிவிடுவார்கள் என்றேன்.

"போன வருசம் தூக்கினவை கைநழுவ விட்டவை, தம்பி. ரெண்டு பல்லுப் போச்சு. இனி ஒருத்தரும் என்னைத் தூக்க வேண்டாம்."

மறுநாள் பத்தடிப் பலகையொன்றைச் சாய்த்து அவரை ஏறிப் பார்க்கச் சொன்னேன். பாதியில் கதிரை பின்னால் உருண்டது. பாய்ந்து பிடித்ததில் சில்லுக் கம்பிக்குள் விரல் அகப்பட்டு எனக்கு நகம் பெயர்ந்தது. அவர் பதறவில்லை. இன்னும் நீட்டச் சொன்னார். பலகையோடு பலகை சேர்த்து நீட்டி, முப்பது அடி வந்தபோதுதான் யாரும் தள்ளாமல் மேலே போனார்.

முன்னால் அவ்வளவு இடமில்லை. பக்கச் சுவரோடு சரிவாகக் கல்லும் கிரவலும் நிரப்பி, படிகளின் அகலத்தைக் குறைத்து மிஞ்சிய சீமெந்தை அதன்மேல் பூசினேன். அனுமதி கேட்கவில்லை, கேட்டால் மறுப்பார்கள். மகள் பிறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. வேலை போனால் என்ன செய்வது என்று மனைவி கேட்டபடியே இருந்தாள்.

வேலையைப் பார்வையிட எஞ்சினியர் வந்து, ஜீப்பின் மேல் பிளானை விரித்தார். சரிவைப் பார்த்தார்.

"உம்மை ஆர் மாத்தச் சொன்னது?"

 அந்த நேரத்தில், ஜீப் வந்ததைக் கேள்விப்பட்ட அந்தப் பெண் ஒழுங்கையால் வந்து, எங்களிடம் ஒன்றும் கேட்காமல் சரிவில் ஏறத் தொடங்கினார். மேலே போய் வாசலில் சில்லு இடித்து நின்றது. கதவு நிலையின் கீழ்க்கட்டை. முப்பது அடி கட்டிய நான் அந்த இரண்டு அங்குலத்தைக் கவனிக்கவில்லை. பின்னுக்கு இழுத்து வேகமாக மோதினார். கதிரை ஒருபக்கம் சரிந்தது. சரிவின் கரையில் தடுப்பும் இல்லை. எஞ்சினியர்தான் ஓடிப்போய்ப் பிடித்தார்.

"தூக்காதேங்கோ ஐயா. அந்தக் கட்டையை எடுக்கச் சொல்லுங்கோ."

எஞ்சினியர் கதிரையை விடாமலே குனிந்து கட்டையைப் பார்த்தார். பிறகு தச்சரைக் கூப்பிட்டார். தச்சர் கட்டையை அறுத்தெடுத்தார். அந்தப் பெண் உள்ளே போய், சுண்ணாம்பு மணக்கும் வெறும் அறையை ஒருமுறை சுற்றி வந்தார்.

"கரையில சின்னச் சுவர் ஒண்டு கட்டும்," என்றார் எஞ்சினியர். "ஏன் மாத்தினனீர் எண்டு எனக்குக் கடிதமும் எழுதும்."

டிஸ்பென்சரி திறந்த பிறகு அந்தப் பெண் தானாகவே வந்து மருந்து கட்டிப் போனார். பிள்ளைத்தாச்சிகளும் வயதானவர்களும் அந்தப் பக்கத்தாலேயே ஏறினார்கள். நான் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்து, நாலாவதை அனுப்பினேன். பதில் வரவேயில்லை. துணுக்காய்க்கு மாற்றலாகிப் போன பிறகும், தபால்காரரின் சைக்கிள் வாசலில் நின்றால் வேலை போன கடிதமோ என்று, மனைவிக்கு முன்னால் நானே ஓடிப்போய் வாங்குவேன்.